என் பேரில் இருந்த மூக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் நாற்பது வருடம் வேலை செய்த தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது தினேஷ். நான் ஓய்வு பெற்ற பிறகு பேக்டரியில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் பையன். பையன் என்ன பையன், அவனே நாற்பதை நெருங்குகிறான், வீட்டில் இரண்டு பிள்ளைகள். "அங்கிள், நாப்பது வயசுக்கு மேல தினக்கூலியில இருந்து ஸ்டாஃபா ஏறினது நம்ம தோட்டத்துல நீங்க ஒருத்தர்தான். குடும்பத்தையும் பாத்துக்கிட்டு எப்படி மேல வந்தீங்கன்னு நம்ம ஆளுங்களுக்கு வந்து சொல்லுங்க லா" என்றான்.

போய்ப் பேசினேன். இங்கிலீஷ் கற்றுக்கொள்ளுங்கள், மட்டம் போடாதீர்கள், வயதாகிவிட்டதே என்று கூச்சப்படாமல் மேலே இருப்பவரிடம் கேளுங்கள், பிள்ளைகள் படிக்கும் மேசையிலேயே நீங்களும் உட்காருங்கள். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையோடு வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். சே, இந்த மனுஷனுக்கு வெட்கமே கிடையாதா என்று இருந்தது.

பேசியதையே எழுதிக் கொடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம் என்று தினேஷ் கேட்டிருக்கிறான். எழுதுகிறேன் தம்பி. ஆனால் மண்டபத்தில் பூசி மெழுகிச் சொன்னதை எழுதப் போவதில்லை. அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் எழுதப் போகிறேன்.

என் ஆரம்ப காலத்தில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தொன்பது வயதில் லோரியில் இலை மூட்டை ஏற்றும் வேலைக்கு வந்தேன். பிறகு பேக்டரியில், பறித்த இலையை நீளத் தொட்டிகளில் பரப்பி மின்விசிறிக் காற்றில் வாட்டும் மாடியில் வேலை. அங்கேயே இருபது வருடம் போனது. கல்யாணம் ஆனது, வாணி பிறந்தாள், அப்புறம் அவள் தம்பி. என் மனைவி சரோஜா ஸ்ட்ராபெர்ரி பண்ணையில் பெட்டி அடுக்கப் போவாள். இரண்டு பேர் கூலியில் சாப்பாடு நடக்கும், டியூஷன் நடக்காது. மழை பிடித்து இலை வரத்து குறைந்தால் என் கூலியும் குறையும்.

நாற்பத்தொன்றாவது வயதில்தான், இப்படியே இருந்தால் பிள்ளைகளும் தோட்டம் கொடுத்த இந்த லயன் வீட்டிலேயே கிடப்பார்கள் என்ற பயம் வந்தது. வாணி அப்போது ஆறாம் ஆண்டு. அவள் வீட்டுப்பாடம் செய்யும் மேசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, பேக்டரி ரெக்கார்டு புத்தகத்தில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளை அவளிடமே கற்றுக்கொண்டேன். "அப்பா, மறுபடியும் தப்பு. பத்து தடவை எழுதுங்க" என்பாள். எழுதினேன்.

அப்போது பேக்டரிக்குப் பொறுப்பாக இருந்தவர் குணசீலன் துரை. ஈப்போக்காரர், நம் ஆள்தான். ஆனாலும் மேனேஜர் என்றால் துரை என்பதுதானே தோட்டத்து வழக்கம். குள்ளமான மனிதர், எப்போதும் சாம்பல் நிற ஸ்வெட்டர். கத்த மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். கேட்பதற்கு நாம்தான் கிட்டே போக வேண்டும். கூலிக்காரர்களையும் "நீங்க" என்றுதான் பேசுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. உருட்டி நசுக்கிய இலையைத் தட்டுகளில் பரப்பிச் சிவக்க விடும் அறைக்குள் நுழையும்போது, கையிலுள்ள கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிடுவார். "இந்த ரூம்ல கடிகாரம் பொய் சொல்லும். மூக்குதான் நெஜம் சொல்லும்" என்பார்.

அது உண்மை. மழை இலை ஒரு வேகத்தில் சிவக்கும், வெயில் இலை ஒரு வேகத்தில் சிவக்கும். எந்த நிமிடத்தில் அதை அள்ளி, காயவைக்கும் சூட்டு மெஷினுக்கு அனுப்புவது என்பதில்தான் தேயிலையின் தலையெழுத்தே இருக்கிறது. அந்த நிமிடத்தைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதற்காகத் துரைக்கு உதவியாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது, மாதச் சம்பளம். நான் கேட்டேன். துரை மூன்று வாரம் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

கையைத் தண்ணீரில் மட்டும் கழுவ வேண்டும், சோப்பு கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, வெற்றிலை கூடாது. தட்டின் ஓரத்து இலையைத் தொடக் கூடாது. நடுவிலிருந்து ஒரு பிடி எடுக்க வேண்டும். மூன்று தடவை இறுக்கிப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் விரிக்க வேண்டும். ஒரே ஒரு மூச்சு. உடனே தலையைத் திருப்பிச் சட்டைக் கையை முகர்ந்து மூக்கைத் தெளியவிட்டு, மறுபடி ஒரு பிடி.

முதலில் புல் வெட்டின வாடைதான் வரும். அது அடங்கி, பூ மாதிரி மெல்லிசாக ஒன்று கிளம்பும். அதற்குப் பேர் முதல் வாசம். அதை நம்பி அனுப்பிவிட்டால் தேயிலையில் நிறம் இருக்காது. காத்திருக்க வேண்டும். அந்த வாசம் மறைந்துபோய்ச் சில நிமிடங்களுக்கு ஒன்றுமே இருக்காது. பிறகு கனிந்த பழம் மாதிரி இரண்டாம் வாசம் எழும்பும். அதன் உச்சியில் அனுப்ப வேண்டும். தாண்டினால் புளிப்பு, அப்புறம் சாமியே வந்தாலும் காப்பாற்ற முடியாது. மூன்றாவது வாரக் கடைசியில் நான் ஏழு தடவை சரியாகச் சொன்னேன். "ஆறு மாசம் ட்ரையல் பாக்கலாம். மூக்கு நெலச்சா வேலையும் நெலைக்கும்" என்றார் துரை. அந்த ஏழு தடவை என் சொந்த மூக்கு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த அறையில் இலையைப் பரப்பிப் புரட்டுகிற வேலையில் இருந்தவர் பார்வதிக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். புருஷன் லோரி விபத்தில் போய்விட்டார். வீட்டில் ஒரு பெண், ஒரு பையன். தினக்கூலியாகவே பதினேழு வருடம் அந்த அறையில். அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

ட்ரையலில் நான்காவது மாதம், அடைமழைக் காலத்தில், எனக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. எழுந்து வேலைக்கு வந்து ஒரு பிடி இலையை மூக்கருகே விரித்தேன். ஒன்றுமில்லை. ஈரத் துணியை முகர்ந்த மாதிரி இருந்தது. இலைதான் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு பிடி எடுத்தேன், இன்னொரு பிடி எடுத்தேன்.

"என்ன தம்பி, அப்படியே நிக்கற?" என்றார் பார்வதிக்கா.

"இன்னும் வரலக்கா."

"வரலையா? ரெண்டாவது வாசம் மேல வந்து நிக்குது. இப்ப அனுப்பலன்னா கெட்டுரும்." கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். "மூக்கு போச்சா?"

இலையை அனுப்பச் சொல்லிவிட்டு, சுவரோரமாகப் போய் அவரிடம் கெஞ்சினேன். "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. ரெண்டு மாசம்தான். வேலை நிரந்தரம் ஆவட்டும். மூக்கு திரும்பி வந்துரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு." டாக்டரை நான் அதுவரை பார்க்கவே இல்லை. மறுவாரம் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

"நான் ஏன் சொல்லப்போறேன்? பிள்ளகுட்டிக்காரன் நீ" என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். "நான் கத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்? தலைத்துணிய அவுத்துக் கட்டறேன். அதப் பாத்துக்கிட்டு நீ வந்து மோந்து பாக்கற மாதிரி பாத்துட்டு அனுப்பு."

அப்படியே நடந்தது. அக்கா தலையில் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டுவார். நான் தட்டுகளுக்கு நடுவே நடந்துபோய் ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி, மனதுக்குள் ஐந்து எண்ணி, "அனுப்பு" என்பேன். இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரமானது. மூக்கு திரும்பவில்லை. ஒன்றரை வருடம் இப்படியே ஓட்டினேன்.

அந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் தேயிலைக்கு நல்ல பேர் வந்தது. துரை வெளியாட்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டுவார். "மாணிக்கத்தோட மூக்கு" என்று பேரே ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண் மூடுவதையும் தலை சாய்ப்பதையும் நானே வீட்டில் கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? சம்பளம் ஏறியது. பழைய கார் ஒன்று வாங்கினோம். வாணிக்கு மூன்று பாடத்துக்கு டியூஷன் வைத்தோம். பார்வதிக்காவுக்கு நான் செய்தது தீபாவளிக்கு ஒரு சேலை. அவர் மூக்கைக் கடன் வாங்கி என் குடும்பம் சாப்பிட்டது. அதற்கு ஒரு சேலை! எழுதும்போதே கை கூசுகிறது.

அப்போதுதான் துரை ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அந்த ரூமுக்கு ஒரு லீடர் போடலாம்னு மேல கேட்டிருக்கேன். மாசச் சம்பளம். பார்வதிய போடலாமா? நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"நல்லா செய்வாங்க துரை" என்றேன். இப்போதே எல்லாம் அவர்தான் செய்கிறார் என்று சொல்லவில்லை. துரை அதற்கான சிபாரிசுப் பாரத்தை நிரப்பி மேசையில் வைத்தார். நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அதையும் என்னவோ நான் வாங்கிக் கொடுத்த மாதிரி சொன்னேன்.

"மாசச் சம்பளமா? மழை பேஞ்சாலும் உண்டா?" என்று கேட்டார்.

"மழை, வெயிலு, லீவு, எல்லாத்துக்கும் உண்டுக்கா."

அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று சிரித்தார். "அப்ப ரெண்டு பிள்ளைகளையும் நிறுத்தாம படிக்க வச்சிரலாம் தம்பி."

அந்தப் பாரத்தை மேலே அனுப்ப இரண்டு வாரம் இருந்தபோது, பெரிய கடைகளுக்குத் தேயிலை வாங்குகிறவர்கள் ஐந்து பேர் வருவதாகத் தகவல் வந்தது. உச்சி மலையிலிருந்து பறித்த இலையில் ஒரு தனிச் சரக்கு போட வேண்டும். அதை அவர்கள் கண் முன்னாலேயே போட வேண்டும். மூன்று நாள் மழை. இலை சரியாக வாடவில்லை. ஈர இலை சீக்கிரம் புளிக்கும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

அன்று காலை பெரட்டு முடிந்து, அதுதான் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது, எல்லோரும் பேக்டரிக்குள் போய்க்கொண்டிருந்தோம். சூட்டு மெஷினில் நிற்கிற ஒருத்தன் பக்கத்தில் வந்தவனிடம் சொன்னான்: "டேய், பாத்தியா, அக்கா தலைத்துணிய அவுத்தாத்தான் கிராணிக்கு வாசமே வருது!" இரண்டு பேரும் சிரித்தார்கள். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா, என்னைத்தான் சொன்னான். வெறும் கிண்டல்தான். அவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் எனக்குக் காது இரண்டும் எரிந்தன. உண்மையைச் சொன்னால்தானே மனுஷனுக்கு அப்படிக் கோபம் வரும்.

வந்தவர்களைத் துரை அறைக்குள் கூட்டிவந்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார். என்னை முன்னால் நிறுத்தி, "இவர்தான்" என்று சொல்லிவிட்டு, சூட்டு மெஷின் தயாரா என்று பார்க்கப் போனார். நான் வாணியிடம் கற்ற இங்கிலீஷில் முதல் வாசம், இரண்டாம் வாசம் எல்லாம் விளக்கினேன். அவர்கள் தலையாட்டினார்கள். ஒரு பெண்மணி போட்டோகூட எடுத்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன். பார்வதிக்கா தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினார்.

நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாசலில் அந்தச் சூட்டு மெஷின்காரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கட்டினவுடனே நான் நகர்ந்தால் அவன் மறுபடி சிரிப்பான். கொஞ்சம் பொறுத்துப் போவோம், நானாகப் போகிற மாதிரி போவோம் என்று இன்னும் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன். அக்கா இரண்டாம் தடவை அவிழ்த்தார். இந்தத் தடவை சத்தம் வருகிற மாதிரி உதறினார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டேன். எனக்குத் தெரியாதா, பொம்பளை சொல்லித்தான் செய்ய வேண்டுமா என்று உள்ளே ஒரு திமிர். மூக்கில்லாதவனுக்குத் திமிர்!

பத்து நிமிடம் கழித்து நானாக நடந்துபோய், நானாக ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி, "அனுப்பு" என்றேன். வந்தவர்கள் கைதட்டினார்கள். பார்வதிக்கா தட்டை அள்ளும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை சுவை பார்க்கும் அறையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மூடிச் சாடியிலும் ஒரே அளவு தூள், கொதிக்கிற தண்ணீர், ஆறு நிமிடம். பிறகு சாற்றைக் கிண்ணத்தில் வடித்து, வெந்த இலையை மூடியின் மேல் கவிழ்ப்பார்கள். நல்ல சரக்கு என்றால் அந்த இலை புதுச் செம்புக் காசு நிறத்தில் இருக்கும். எங்கள் தனிச் சரக்கின் மூடியில் மண் நிறம். துரை கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பினார். இன்னொரு தடவை செய்தார். வாங்க வந்தவர்களில் பெரியவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் மரியாதையாக வேறு ஏதோ பேசிவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள்.

துரை என்னை நிற்கச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது, நான் கிட்டே போனேன்.

"எப்படி ஆச்சு?"

ஒரு வார்த்தை போதும். நான் தாமதம் செய்துவிட்டேன் துரை, மன்னித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் ஒரு தடவை தவறும். அதற்காக என்னை விரட்டியிருக்க மாட்டார். ஆனால் தாமதம் ஏன் என்று கேட்டால், மோந்து பார்த்தீர்களே தெரியவில்லையா என்று கேட்டால், எல்லாம் அவிழ்ந்துவிடும். சம்பளம், கார், வாணியின் டியூஷன் எல்லாம் கண் முன்னால் ஓடின. வாய் கூசாமல் சொன்னேன்.

"நான் வந்தவங்களோட பேசிக்கிட்டு இருந்தேன் துரை. நேரத்தப் பாத்துக்கிட்டு, வாசம் வந்தா சொல்லுங்கன்னு பார்வதிக்காகிட்ட சொல்லியிருந்தேன். அவங்க சொல்லவே இல்ல."

இரண்டு தடவை சொன்னவரை, சொல்லவே இல்லை என்றேன்.

துரை அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அக்கா வாசலில் வந்து நின்றார், கையில் இலைச் சாயத்தோடு. துரை நான் சொன்னதை அப்படியே சொல்லி, "என்னம்மா இது?" என்று கேட்டார். அக்கா துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமாகவெல்லாம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் ரோட்டைப் பார்ப்பார்களே, அப்படி. நான் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தப்பு நடந்துபோச்சு துரை" என்றார் அக்கா.

"உங்கள நம்பி ஒரு பேப்பர் ரெடி பண்ணி வச்சிருந்தேன்மா" என்றார் துரை. வெளியே வரும்போது அக்கா என்னைத் தாண்டிப் போனார். "வரேன் சார்" என்றார். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

லீடர் பாரம் மேலே போகவில்லை. ஒரு வாரத்தில் அவரை வெளிக்காட்டுக்கு மாற்றினார்கள். நாற்பத்தேழு வயதில், முட்டி வலியோடு, சரிவில் நின்று கத்தரி போட்டு இலை வெட்டுகிற வேலை. காலைப் பெரட்டில் அவர் ஒரு வரிசையில் நிற்பார். நான் சுற்றிக்கொண்டு மறுபக்கத்து வாசல் வழியாகப் பேக்டரிக்குள் போவேன்.

நான் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். நிறத்தைப் பார்த்தேன், தட்டில் வெப்பமானியைச் செருகினேன், பாக்கெட்டில் கடிகாரத்தை ஒளித்துவைத்துப் பார்த்தேன். தேயிலை சுமாராக வந்தது. துரை ஒரு வருடத்தில் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்குச் சுமாரே போதுமாக இருந்தது. எனக்குத் தலைமைப் பதவியும் கிடைத்தது. மண்டபத்தில் நான் பெருமையாகச் சொன்ன இரண்டாவது சம்பள உயர்வு இதுதான்.

இரண்டு வருடம் கழித்துப் பார்வதிக்கா வேலையை விட்டார். வேலையை விட்டால் லயன் வீட்டையும் விட வேண்டும். கம்போங் ராஜாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். சாமான் ஏற்ற லோரி வந்த அன்று நான் அந்த வழியாகப் போக நேர்ந்தது. அலமாரியைத் தூக்க ஆள் போதவில்லை. ஒரு மூலையை நான் பிடித்தேன். அக்கா, "பாத்து, படி இருக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அலமாரியை ஏற்றிவிட்டுப் பெரிய உதவி செய்த மாதிரி கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இதைவிட ஒரு மனுஷன் கீழே போக முடியுமா, எனக்குத் தெரியவில்லை.

மண்டபத்துச் சால்வைக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன வாரம் பஸ் ஏறிக் கம்போங் ராஜாவுக்குப் போனேன். அக்காவின் மகன் அங்கே பிளாஸ்டிக் கூரை போட்டுச் செவ்வந்தி வளர்க்கிறான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, பூவைப் பத்துப் பத்தாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "மாணிக்கமா? வா, உக்காரு. எளச்சிட்டியே" என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தலைத்துணியை இரண்டு தடவை பார்த்தேன் என்று சொன்னேன். வேண்டுமென்றே முதுகைத் திருப்பினேன் என்று சொன்னேன். பொய் சொன்னேன் என்று சொன்னேன்.

அவர் கையை நிறுத்தாமல் கேட்டார். "இதச் சொல்லவா பஸ் ஏறி வந்தே?"

"ஆமாக்கா."

"எங்கிட்ட ஏன் சொல்ற? நான் அங்கதான நின்னுக்கிட்டிருந்தேன்."

இத்தனை வருடம் மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ஏன்க்கா அன்னிக்கே துரைகிட்ட சொல்லல? இவனுக்கு மூக்கே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

இரண்டு கட்டுப் பூவைச் சுற்றி வைத்துவிட்டுத்தான் பேசினார். "நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். அந்த ரூம்ல சொல்ல மாட்டே, பயம் இருக்கும். வெளிய வந்து சொல்லுவே. சரி, மறுநாள் சொல்லுவே. தீபாவளிக்குள்ள சொல்லுவே. அப்படியே ரெண்டு வருஷம் பாத்தேன். மவ ஸ்கூல்ல பாரம் ஃபைவ் முடிச்சா. இனி ஆவாதுன்னு வீட்டக் காலி பண்ணிட்டேன்."

நான் அழுதேன். அறுபத்தொரு வயதில், செவ்வந்திக்கு நடுவே, குழந்தை மாதிரி அழுதேன். அவர் தடுக்கவில்லை. "அழுதா எனக்கு என்ன ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. போயி, தெரியாதவங்ககிட்ட சொல்லு" என்றார்.

அன்று மாலையே சரோஜாவிடம் சொன்னேன். மூக்கு போனது அவளுக்கு முன்பே தெரியும். வீட்டில் குழம்பு தீய்ந்தாலும் எனக்குத் தெரியாதே. மற்றதை இப்போதுதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க சாப்பிடாம படுத்தப்பவே என்னமோன்னு தெரியும். கேட்டா எங்க சொல்லிருவீங்களோன்னு பயந்துதான் நான் கேக்கல."

தினேஷ், குழுவில் இதைப் போடு. பெயர் பார்வதி என்று முழுதாகப் போடு. அந்த ஒன்றரை வருடம் நம் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மூக்கு அவருடையது. தனிச் சரக்கைக் கெடுத்தது மாணிக்கம். மேலே வருவதற்கு வழி கேட்டாய். நான் வந்த வழி இதுதான். உன் அறையில் யார் சொல்லி நீ செய்கிறாய் என்று பார். அவர்கள் பேரை மேலே இருப்பவர் காதில் இன்றைக்கே போடு. நாளைக்கு என்றால் நீயும் சொல்ல மாட்டாய்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது வாணியிடம். ஈப்போவில் மருந்தகத்தில் பார்மசிஸ்டாக இருக்கிறாள். போனில் சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள். முடித்ததும் ஒன்று கேட்டாள்.

"பார்வதி ஆன்ட்டின்னா... நம்ம ரேவதியோட அம்மாவாப்பா?"

"ஆமாம்மா."

ரேவதியும் வாணியும் ஒரே வகுப்பு, ஒரே பஸ், ஒரே பெஞ்சு. படிவம் ஐந்து பரீட்சையில் ரேவதிதான் கூட மார்க் வாங்கினாள். வாணி மேலே படிக்கப் போன வாரம், ரேவதி கியா பார்மில் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். வாணி ஏன் என்று என்னைக் கேட்டபோது, "அவளுக்குப் படிக்க இஷ்டமில்லையாம்லா" என்று சொன்னவன் நான்.

"நீங்கதானேப்பா சொன்னீங்க, அவளுக்கு இஷ்டமில்லன்னு" என்றாள் வாணி. "நான் கடைக்கே போயி, ஏன்டி உனக்குப் படிக்க இஷ்டமில்லன்னு கேட்டேன்ப்பா. அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அதோட எங்கிட்ட பேசறதே இல்ல. நான் என்ன தப்பு செஞ்சேன்னு இவ்வளவு வருஷமா எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் அவள் பிள்ளை ஏதோ கேட்டுச் சிணுங்குவது கேட்டது.

"அவ நம்பர் இருக்காப்பா?"

"இல்லம்மா. பார்வதிக்காகிட்டதான் கேக்கணும்."

"கேட்டு வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எப்போதும் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள். அன்று கேட்கவில்லை.